துரைசானியின் மிஷின்

ரந்தாவ் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கம்யூனிஸ்டுகள் ரப்பர் ஸ்டோரைக் கொளுத்திய மறுவாரம், கணக்கு எழுதும் கிராணி சீவரத்தினம் ஃபிட்டர் சன்னாசியை வெள்ளைக்காரத் துரையின் பங்களாவுக்கு அழைத்துப் போனார்.

“இந்தப் பழைய மிஷினை ஓடப் பண்ணு. ஊரடங்கு வந்ததில இருந்து துரைசானி படுற பாடு சொல்லேலாது.”

தொட்டிக்கு மேல் இரண்டு ரப்பர் உருளைகள், சுற்றக் கைப்பிடி.

“ரப்பர் ஷீட் அடிக்கிற மிஷின் எனக்குத் தெரியாதா?” என்று முனகியபடி சன்னாசி துருவைச் சுரண்டினார், பல்சக்கரம் மாற்றினார். வெள்ளோட்டத்துக்குத் தொட்டி நிறைய ரப்பர் பாலும், அது உறைய ஆசிட்டும் ஊற்றி நிமிர்ந்தபோது துரைசானி வந்து எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்து இங்கிலீசில் ஏதோ சொன்னார்.

“டோபி வர ஏலாத நேரத்தில, துணி துவைக்கச் சோப்பும் கரைச்சு வச்சிட்டாய் எண்டு புகழுறா,” என்றார் கிராணி.

“சோப்பா?”

அதற்குள் துரைசானி அழுக்குத்துணிக் கூடையைத் தொட்டியில் கவிழ்த்துக் கலக்கி, கைப்பிடியைச் சுற்றத் தொடங்கிவிட்டார்.

துரையின் வெள்ளைச் சட்டைகள் ஆறும் ஒரே ஷீட்டாக வெளியே வந்தன.