அவள் நின்ற படம்

கோவளம் கடற்கரையில் பறக்கும் கேமராக்கள், அலைச்சறுக்குப் பலகையிலிருந்து யார் விழுந்தாலும், படத்தைத் தாமாகவே திருத்தி அவர்களை நிமிர்த்தி நிற்கவைத்துவிடும். கால் முறிந்து தேறி, மறுபடி அலைச்சறுக்குப் பழகிக்கொண்டிருந்த தமயந்தியின் போனில் அவள் கம்பீரமாக நிற்கும் படங்களே நிறைந்திருந்தன. உண்மையில் கால் தேறிய பிறகு அவள் பலகைமேல் ஒருமுறைகூட எழுந்து நின்றதில்லை.

"பலகையை வித்துடலாம். பொய்யைப் பாத்து எல்லாரும் வாழ்த்து சொல்றாங்க, கூசுது" என்றாள்.

அவள் கணவன் கோகுலன், எதையும் திருத்தத் தெரியாத ஒரு பழைய கேமராவைத் தண்ணீர் புகாத உறையோடு வாங்கி வந்தான். காலில் ரப்பர் நீச்சல் துடுப்பு மாட்டிக்கொண்டு அவளோடு கடலில் இறங்கினான். முதல் நாள், படமெடுக்கும் ஆசையில் பலகை வரும் வழியிலேயே மிதந்து, தலையில் அடிபடாமல் மயிரிழையில் தப்பினான். பிறகு ஒதுங்கி மிதக்கவும், அலை உடையும்போது அதன் அடியில் மூழ்கவும் பழகினான். கேமரா உறையின் கண்ணாடியில் எச்சில் தடவினால் நீர்த்துளி தங்காது என்பதையும் கண்டுகொண்டான். அப்படியும் வானமும் நுரையும்தான் படத்தில் விழுந்தன.

ஒரு காலை, கரையேறியதும் அவளிடம் கேமராவை நீட்டினான். படத்தில் அவள் முகமெல்லாம் முடி, வாய் கோணியிருந்தது. ஆனால் இரண்டு பாதங்களும் பலகைமேல் இருந்தன.

"நெஜமாவே நின்னேனா? விழுந்தது மட்டுந்தான் ஞாபகம் இருக்கு."

"கொஞ்ச நேரந்தான். ஆனா நின்ன. பக்கத்துல இருந்து பாத்தேனே."

தமயந்தி படத்தை உற்றுப் பார்த்தாள்.

"உடம்பை இன்னும் கொஞ்சம் முன்னால சாய்ச்சிருக்கணும்" என்று சொல்லிவிட்டு, பலகையைத் தூக்கிக்கொண்டு கடலுக்கு ஓடினாள்.