பெருச்சாளிக்கு ஒரு ரவை

அவள் கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் வைத்தாள்.

பத்தடி தள்ளி, சுவரோரத்தில், ஒரு கருவாட்டுத் துண்டு. அதன் பின்னால் மண் மூட்டை. குறி தவறினாலும் ரவை மண்ணுக்குள்தான் போகும். அதையெல்லாம் யோசித்துத்தான் கருவாட்டை அங்கே வைத்திருந்தாள்.

இன்னும் விடியவில்லை.

கொட்டகையில் நான்கு குண்டு பல்புகள் எரிந்தன. அந்தச் சூட்டில், தகரத் தடுப்புக்கு உள்ளே, அறுநூறு நாட்டுக்கோழிக் குஞ்சுகள் ஒட்டிப் படுத்திருந்தன. வந்து பன்னிரண்டு நாள்தான் ஆகிறது.

வாசலில் அவள் கணவன் செங்கோட்டுவேல் நின்றான். மூச்சு விட்டால்கூடக் கேட்டுவிடும் என்று பயந்தான்.

பயப்பட அவனுக்குக் காரணம் இருந்தது.

போன முறை விட்ட குஞ்சுகளில் பெருச்சாளி தினமும் நாலைந்தைக் கடித்துப் போட்டது. பொறுக்க மாட்டாமல், தீபாவளிக்கு மிஞ்சிய வெடியொன்றைக் கொளுத்தி வளைக்குள் போட்டவன் அவன்தான். பெருச்சாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. குஞ்சுகள் மிரண்டு ஒரே மூலைக்கு ஓடின. ஒன்றின்மேல் ஒன்று ஏறி நசுங்கின. அள்ளும்போது அடியில் கிடந்தவை இன்னும் சூடாக இருந்தன.

அவள் அன்றைக்கு ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இந்தக் குஞ்சுகளும் போனால் கொட்டகையைப் பூட்டிவிட்டு, இரண்டு பேரும் நூல் மில்லுக்கு வேலைக்குப் போவதென்று முடிவு.

துப்பாக்கி வாங்கலாம் என்றது அவள். ஈரோட்டுக் கடையில் அவன் கை, இருப்பதிலேயே தடியானதன்மேல் போனது. பன்றியே விழும் என்றார் கடைக்காரர். அவனுக்கு மீசை துடித்தது.

அவள் கேட்டது ஒன்றுதான்.

"ஏனுங்க, இதுல சத்தம் கம்மியானது எதுங்க?"

கடைக்காரர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. ஒவ்வொன்றாகத் தோளில் வைத்துப் பார்த்தாள். நாலாவது, ஸ்பிரிங் வைத்த சின்ன ஏர் கன். ரவை போட மடிக்க வேண்டிய அதன் குழல் அவள் கைப்பலத்துக்கே மடிந்தது. கன்னம் கட்டையில் தானாகப் படிந்தது. போதும் என்றாள். வேட்டைநாய் வாங்கப் போய்ப் பூனைக்குட்டியோடு திரும்புவதாக அவன் வழியெல்லாம் புலம்பினான்.

மூன்று வகை ரவைகளை வாங்கி அட்டையில் சுட்டுப் பார்த்தாள். கூர் ரவை பார்க்கத்தான் அழகு. தட்டைத் தலை ரவைதான் சுட்ட இடத்திலேயே திரும்பத் திரும்பத் துளைத்தது.

அப்புறம் செய்ததுதான் அவனுக்குப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது.

குஞ்சுகள் வந்த அன்றே ஆரம்பித்தாள். தீவனம் வைக்கும் ஒவ்வொரு வேளையும், வைப்பதற்கு முன் மண் மூட்டையில் ஒரு சூடு. முதலில் தூரத்தில், கிணற்றடியில். பிறகு தென்னைக்குப் பக்கத்தில். நேற்று கொட்டகை வாசலில். சத்தம் கேட்டால் சோறு வரும். அவ்வளவுதான் பாடம்.

கொட்டகைக்கு உள்ளே இதுவரை சுட்டதில்லை.

மண் உதிர்ந்தது. சுவருக்கு அடியிலிருந்து மூக்கு வந்தது. மீசை வந்தது. பிறகு உடம்பு வந்தது, வந்துகொண்டே இருந்தது. பூனை தோற்கும்.

அது கருவாட்டை மோந்தது.

அவள் சுடவில்லை.

சுடேன், சுடேன் என்று அவனுக்குத் தொண்டை வரை வந்துவிட்டது. அவள் காத்திருந்தாள். பெருச்சாளி முழு உடம்பையும் காட்டிக்கொண்டு நின்றது. அவளுக்கு அது போதவில்லை.

அது தலையைத் திருப்பியது. காது தெரிந்தது.

டப்.

பெருச்சாளி பக்கவாட்டில் சாய்ந்தது. ஒருமுறை காலை உதைத்தது. அப்புறம் அசையவில்லை.

அவன் அதைப் பார்க்கவில்லை.

அறுநூறு குஞ்சுகளும் எழுந்து நின்றன.

வெடி போட்ட அன்றைக்கும் அந்தக் குஞ்சுகள் இப்படித்தான் எழுந்தன. எல்லாத் தலைகளும் ஒரே நேரத்தில். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

காலடிச் சத்தம் கேட்டது. சின்னச் சின்னக் கால்கள், நூற்றுக்கணக்கில். போச்சு என்று நினைத்தான்.

கண்ணைத் திறந்தபோது மூலை காலியாக இருந்தது.

குஞ்சுகள் தீவனத் தட்டுகளைச் சுற்றி நின்றன. வெறும் தட்டைக் கொத்திப் பார்த்தன. ஒன்று தட்டின்மேலேயே ஏறி நின்று கத்தியது. மற்றவையும் சேர்ந்துகொண்டன.

"அடி ஆத்தா!" என்றான்.

இவளோடு பதினாறு வருஷம் குடித்தனம் செய்திருக்கிறோம், இவள் யாரென்றே தெரியாமல் இருந்திருக்கிறோமே என்று அவனுக்குத் தோன்றியது. கடைத்தெருவில் நின்று கத்திச் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

செத்ததன் வாலைப் பிடித்துத் தூக்கிப் பார்க்க ஓடினான்.

"அது கெடக்குதுங்க. வந்து நிக்குதுங்க பாருங்க, பாவம். மொதல்ல தீவனத்தப் போடுங்க."

"நானா?"

அவள் தீவன வாளியை அவன் பக்கம் நகர்த்தினாள்.

அந்த மூலையைக் கூட்டி அள்ளிய நாளுக்குப் பிறகு அவன் குஞ்சுத் தடுப்பைத் தாண்டிக் கால் வைத்ததே இல்லை. ஏதாவது வேலை வந்துவிடும். அவளும் ஏன் என்று கேட்டதில்லை.

வாளியை எடுத்தான். தகரத் தடுப்பைத் தாண்டி ஒரு காலை உள்ளே வைத்தான்.

குஞ்சுகள் விலகி ஓடவில்லை. அவன் பாதத்தின்மேல் ஏறின. விரலைக் கொத்தின.

இன்னொரு காலை எங்கே வைப்பதென்று தெரியாமல், வாளியோடு ஒற்றைக் காலில் நின்றான்.

அவள் அவனைப் பார்க்காதபடி திரும்பி உட்கார்ந்து, துடைத்த துப்பாக்கியையே திரும்பவும் துடைத்துக்கொண்டிருந்தாள்.