காட்டில் பெண் பார்த்தது

கொம்பைக் கண்டதும் கணேசலிங்கம் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டார்.

பள்ளத்துக்கு அப்பால், பன்னச் செடிகளுக்கு நடுவே, பெரிய ஆண் மரைமான் ஒன்று. விடிகாலைக் குளிரில் அதன் மூக்கிலிருந்து ஆவி பறந்தது.

அந்தத் தலையை அவர் மனதுக்குள் ஏற்கெனவே சுவரில் மாட்டியாகிவிட்டது. கிளென் வேவர்லி வீட்டில், சோபாவுக்கு மேலே. மகனின் பட்டமளிப்புப் படத்தைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினால் போதும்.

“அடியும் பிள்ளை, அடியும்,” என்றார் மெல்ல.

பக்கத்தில் குந்தியிருந்த தர்ஷனா துவக்கைத் தொடவேயில்லை.

“இது வேண்டாம், அங்கிள்.”

மரை ஆறுதலாகத் திரும்பி, அவருக்குக் கொம்பை எல்லாப் பக்கமும் காட்டிவிட்டு, மரங்களுக்குள் போய்விட்டது.

கணேசலிங்கத்துக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. இத்தனைக்கும் அவர் வேட்டைக்கு வந்தவரே அல்ல. பெண் பார்க்க வந்தவர்.

மகன் நிதுஷன், தர்ஷனாவைத்தான் கட்டுவேன் என்று சொன்னபோது வீட்டில் பெரிய எதிர்ப்பு எதுவும் இருக்கவில்லை. மிருக வைத்தியசாலையில் நர்ஸ். அமைதியான பிள்ளை. ஆனால் லீவு நாட்களில் அவள் மரை சுடப் போகிறவள் என்று தெரிந்ததும், ஞாயிறு தவறாமல் ஆட்டிறைச்சிக் கறி வைக்கிற அவர் மனைவி பவளராணி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். ஒருதரம் அவளோடு கூடப் போய் எப்படிப்பட்டவள் என்று பார்த்துவரச் சொன்னாள். ஏதாவது ஒரு குறை கண்டால் போதும், மிச்சத்தை மகனிடம் தான் பேசிக்கொள்வதாகவும் சொன்னாள். அது 2011 யூலை, இந்த நாட்டுக் குளிர்காலம்.

“எனக்கும் வேட்டை பழக்கிவிடுமன்,” என்று கேட்டுத்தான் அவர் இந்த மலைக்காட்டுக்கு வந்து சேர்ந்தார்.

அவளும் பழக்கினாள். காற்று முகத்தில் படுகிற மாதிரி நடக்கச் சொன்னாள். அவருடைய புதுச் சப்பாத்து கீச்சிட்டதால், அதற்கு மேலே தடித்த காலுறையை இழுத்துப் போடவைத்தாள். அறுபது வயதில் சப்பாத்துக்கு மேல் காலுறை போட்டுக்கொண்டு, வருங்கால மருமகளுக்குப் பின்னால் பூனை போல நடந்தார்.

இவ்வளவும் செய்தது ஒரு கொம்பைக் கோட்டைவிடவா?

அவள் இன்னும் பைனாகுலரை இறக்கவில்லை. பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெயில் பன்னங்களில் ஏறத் தொடங்கியபோது ஒரு பெட்டை மரை வெளியே வந்தது. கொம்பு இல்லை. மெலிந்து போயிருந்தது. முன்னங்கால் ஒன்று நிலத்தில் படாமல் தொங்கியது. ஒவ்வொரு எட்டுக்கும் தலை தாழ்ந்து எழும்பியது.

தர்ஷனா துவக்கை எடுத்தாள்.

எடுத்தவள் உடனே சுடவில்லை. மரை பக்கவாட்டில் திரும்பும்வரை காத்திருந்தாள். கணேசலிங்கமும் மூச்சை அடக்கிக்கொண்டார், ஏன் என்று தெரியாமலே.

ஒரே வெடி. நின்ற இடத்திலேயே விழுந்தது.

இருவரும் இறங்கிப் போனார்கள். தர்ஷனா அதன் கண்ணைத் தொட்டுப் பார்த்து, உயிர் இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டாள். பிறகு அப்படியே பக்கத்தில் இருந்துவிட்டாள்.

கணேசலிங்கம் தொங்கிய காலைப் பார்த்தார். முழங்காலுக்கு மேலே எலும்பு நொறுங்கியிருந்தது. பழைய காயம். இலையான் மொய்த்தது.

“ஆரோ விசரன் வெறியிலை சுட்டுப்போட்டுப் போயிருக்கிறான்,” என்றார்.

அவள் “ஓம்” என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அவருக்குச் சந்தேகமே வந்திராது.

“நான்தான், அங்கிள். போன சனிக்கிழமை.”

அவர் அவளைப் பார்த்தார்.

“இருட்டப் போகுதெண்டு அவசரப்பட்டுட்டன். ரத்தத்தைப் பாத்துக்கொண்டே போனன், ஆத்தங்கரையிலை விட்டுட்டன். அடுத்த நாளும் வந்து தேடினன், கிடைக்கேல்லை. இண்டைக்கு அந்தக் கொம்பனைச் சுட்டிருந்தால் வெடிச் சத்தத்துக்கு இது இந்தப் பக்கமே வந்திராது.” கையால் மூக்கைத் துடைத்தாள். “நீங்கள் வாறனெண்டு சொன்ன நேரம் வேண்டாமெண்டு சொல்லத்தான் நினைச்சனான். பிறகு, தெரியட்டும் எண்டு விட்டுட்டன்.”

கணேசலிங்கம் ஜாக்கெட்டைக் கழற்றி ஒரு கிளையில் போட்டுவிட்டு, முழங்காலை ஊன்றி இருந்து, “எதைப் பிடிக்க வேணும்?” என்று கேட்டார்.

அவள் பின்னங்காலைக் காட்டினாள். பிடித்துக்கொண்டார்.

இறைச்சியைச் சுமந்துகொண்டு மேலே ஏறி வாகனத்துக்கு வந்தபோது மத்தியானமாகிவிட்டது. சிக்னல் திரும்பியதும் அவருடைய போன் அடித்தது. பவளராணி.

அவர் நாலு எட்டுத் தள்ளிப் போய் நின்றார்.

“என்னப்பா, பாத்தாச்சோ?”

“ஓம்.”

“சுட்டவளோ?”

“ஓம்.”

“எனக்குத் தெரியும். குறை ஏதும் கண்டனீங்களோ?”

கணேசலிங்கம் திரும்பிப் பார்த்தார். தர்ஷனா வாகனத்தின் பின்னால் குனிந்து, இறைச்சிப் பைகளுக்கு மேல் ஐஸ் கொட்டிக்கொண்டிருந்தாள். முதுகு மட்டும்தான் தெரிந்தது. அது குலுங்கிக்கொண்டிருந்தது.

“ஓம், ஒண்டு கண்டனான்,” என்றார். “நீ கலியாணத்துக்கு நாளைப் பார். மண்டபத்துக்கு நான் போன் அடிக்கிறன்.”