கம்பிக்கு அந்தப் பக்கம்

“பயப்படாத கலா. எப்படியாச்சும் உன்னை வெளிய கொண்டாந்தர்றேன்” என்றான் நஞ்சுண்டன், சிறைக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு.

அந்தப் பக்கம் நின்றவள் அவன் மனைவி கலாவதி.

குற்றம் குறை எதுவும் செய்துவிடவில்லை, பாவம். மிசௌரி மாநிலத்தின் தலைநகரில் மூடிப்போன பழைய சிறைச்சாலை ஒன்றை டிக்கெட் போட்டுச் சுற்றிக் காட்டுகிறார்கள். உள்ளே போய் நில்லு, போட்டோ எடுக்கிறேன் என்றவன் நஞ்சுண்டன்தான். கதவைச் சாத்திக்கோ, அப்பத்தான் ஜோரா இருக்கும் என்றவனும் அவனேதான். படம் எடுத்துவிட்டுக் கதவை இழுத்தால், வரவில்லை!

இரண்டு நாளாக அவளை இந்த ஊர் முழுக்க அழைத்துப் போயிருந்தான். குவிமாடம் வைத்த சட்டசபை, அதன் காலடியில் ஓடும் ஆறு, வரிசையில் நின்று வாங்கித் தின்ற ஐஸ்கிரீம் என்று, பெண் வீட்டாருக்கு மாப்பிள்ளை வீட்டைக் காட்டுகிற மாதிரி ஒவ்வொன்றாகக் காட்டினான். “ஊரு நல்லாருக்குதல்ல?” என்று கேட்டபோதெல்லாம் அவளும், “நல்லாருக்குதுங்க” என்றாள்.

அவனுக்கு இங்கே பெரிய அரசாங்க ப்ராஜெக்ட் கிடைத்திருந்தது. அவளுக்கோ, ஆறு வருஷம் வீட்டுக்குள்ளேயே கிடந்து, ஒர்க் பெர்மிட் வந்து, டெக்சாஸில் அவர்கள் குடியிருக்கும் ரவுண்ட் ராக் ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் இப்போதுதான் டீச்சர் வேலை. அதை விட்டுவிடுவதாக இன்றைக்குள் அவள் சொல்லிவிட வேண்டும் என்று அவன் முடிவு செய்திருந்தான். அவளைக் கேட்டானா என்றால், அவள்தான் ஊர் நல்லாயிருக்குது என்றாளே!

“ஸ்கூல் விடறதுக்குள்ள பிரின்சிபாலுக்குப் போன் பண்ணோணும். இந்த நேரம் பார்த்தா இது மாட்டிக்கோணும்?” என்று மறுபடி இழுத்தான். “நீயும் உள்ளருந்து தள்ளு, கலா!”

கலாவதி கதவுக் கம்பியையும் பக்கத்துச் சுவர்க் கம்பியையும் சேர்த்து முழங்கையால் வளைத்துக்கொண்டு நின்றாள். வளையல் சதையில் அழுந்தியிருந்தது. பயத்தில் இரும்பைக் கட்டிப் பிடித்திருக்கிறாள் என்று அவனுக்கு மனசு இளகிப்போனது.

“ஜன்னல் இல்லை, பேச்சுத் துணைக்கு ஆளில்லை. இதுக்குள்ள வருஷக்கணக்கா எப்படித்தான் இருந்தானுகளோ!” என்றான், அவள் பயத்தைத் தணிக்க.

“பழகிருமுங்க” என்றாள் கலாவதி.

அவன் போட்ட சத்தத்தில் கைடு கிழவர் மூச்சு வாங்க ஓடி வந்தார்.

“என் மனைவி உள்ள மாட்டிக்கிட்டா. சீக்கிரம் சாவி கொண்டாங்க!” என்று ஆங்கிலத்தில் பதறினான் நஞ்சுண்டன்.

கிழவர் கதவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். “சாவியா? இந்தக் கதவுக்குப் பூட்டே கிடையாதே!” என்றார்.

நஞ்சுண்டன் மெல்லத் திரும்பினான்.

“நாந்தான் புடிச்சுட்டு நிக்கறனுங்க.”