சோளக்காட்டில் விழுந்த விமானம்

விமானத்திலிருந்து விழுந்தவனைத் தேடிக்கொண்டு பெருமாயி சோளக்காட்டுக்குள் ஓடினாள். கையிலிருந்த தண்ணீர்ச் சொம்பு தளும்பிச் சேலையை நனைத்தது.

"சாமி, எங்க கிடக்கறே? ஒரு சத்தம் குடு சாமி."

வரப்புக்கு வரப்பு நின்று கூப்பிட்டுப் பார்த்தாள். பதில் இல்லை.

சற்றுமுன் அவள் கண்ணெதிரேதான் அந்தச் சின்ன விமானம் புகை கக்கிக்கொண்டு வந்து மூக்குக் குத்தி விழுந்தது. முதலில் அதனருகேதான் ஓடினாள். ஆசனம் காலி. ஒரு துளி ரத்தம்கூட இல்லை. விரல் கனத்துக்குத் தூசிதான் படிந்திருந்தது. பிள்ளை குதித்துத் தப்பியிருப்பான் என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

பெருமாயிக்குப் பக்கத்துணை என்று யாரும் இல்லை. புருஷன் போய்ப் பத்து வருஷம். ஒரே மகன் மருதாசலம் பட்டாளத்தில் சேர்ந்து பர்மாவுக்குப் போனான். ஒன்றரை வருஷமாகக் கடுதாசி இல்லை. வெண்ணந்தூருக்கு வெளியே, காட்டுக்கு நடுவில் தனியாக ஓர் ஓலைச் சாளையில் குடியிருந்தாள். பேச்சுத் துணையில்லாமல் சில நாள் அவளுக்குத் தன் குரலே மறந்துபோகும்.

இரண்டு மாதத்துக்கு முன் பக்கத்துக் கரட்டுக் குன்றின் அடியில் பட்டாளம் வந்து முகாம் போட்டது. பீரங்கி சுட்டுப் பழகினார்கள். தினமும் காலையில் இந்த விமானம் அவள் காட்டுக்கு மேலே வட்டமிடும். ஒருநாள் என்னவோ தோன்றி, களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டுக் கையை ஆட்டினாள். விமானம் இடப்பக்கம் ஒருதரம், வலப்பக்கம் ஒருதரம் சாய்ந்து காட்டிவிட்டுப் போயிற்று.

அதன்பிறகு ஒருநாள் தவறவில்லை. அவள் கையசைப்பாள், அது சாய்ந்து பதில் சொல்லும். அங்கே தன் மகனைப் பார்த்தும் யாரோ ஒருத்தி இப்படிக் கையசைப்பாள் என்று நினைத்துக்கொண்டு மிச்சப் பொழுதைத் தள்ளுவாள்.

அவள் தேடிக்கொண்டிருக்கும்போதே முகாமிலிருந்து ஒரு பட்டாளத்துக்காரன் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து இறங்கினான். மருதாசலம் வயதுதான் இருக்கும். பேச்சு திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பேச்சு.

பெருமாயி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். ஓட்டினவன் எங்கேயோ அடிபட்டுக் கிடக்கிறான், நீ அந்தக் கோடியிலிருந்து தேடு, நான் இந்தக் கோடியிலிருந்து வருகிறேன் என்று அழுதாள்.

அவன் நகரவில்லை. தேட வேண்டியதில்லை என்றான். அதில் ஆள் ஏறுவதே கிடையாதாம். பீரங்கிக்காரர்கள் குறிபார்த்துச் சுடுவதற்கென்றே பறக்க விடுவதாம். கரட்டு மேலே கம்பியில்லாத் தந்திப் பெட்டியையும் தூரக்கண்ணாடியையும் வைத்துக்கொண்டு, தரையில் இருந்தபடியே அதை ஏற்றி இறக்கித் திருப்புவார்களாம்.

பெருமாயி அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு பிள்ளையும் சாகவில்லை என்று சந்தோஷப்படத்தான் வேண்டும். ஆனாலும் மகனைப் பட்டாளத்துக்கு அனுப்பிவிட்டு வீட்டுக்குள் திரும்பிய அன்று இருந்த வெறுமை மறுபடி வந்து கவிந்தது.

"அப்ப இத்தனை நாளா வெறுங்கூட்டுக்கா நான் கையாட்டுனேன்?"

அவன் சைக்கிளைச் சாய்த்துவிட்டு அவள் பக்கத்தில் வரப்பில் உட்கார்ந்தான்.

"இல்லீங்க ஆத்தா. தினம் சாய்ச்சுப் பதில் சொன்னது நாந்தானுங்க."