தூக்குக்காரர் வீட்டுப் பையன்

முதல் குத்திலேயே மெக்கானிக்கின் உதடு கிழிந்தது. லோடு கட்டும் பெல்ட்டால் அண்ணனும் தம்பியுமாக அவனை லாரி ஷெட்டின் இரும்புத் தூணோடு சேர்த்து இறுக்கியிருந்தார்கள். அந்த ஷெட்டில் கயிறு கிடையாது. அப்பா வாங்க விடமாட்டார். சரக்குக்குப் பெல்ட்தான் தோது என்பார்.

“இன்னொரு தரம் சொல்லு. உங்க குடும்பப் பேரு என்ன?” பெரியவன் கையை உதறிக்கொண்டான். குத்தியதில் அவனுக்கும் வலித்தது.

“தூக்குக்காரர்.”

“பாத்தியாடா, கொஞ்சமாவது கூசுதா பாரு!” என்றான் தம்பியிடம்.

தங்கையைப் பெண் கேட்டு வந்தவன் இவன். ஃபிரிட்ஜ் ரிப்பேரில் கைதேர்ந்தவன், குடி கிடையாது, யாரிடமும் வம்பு கிடையாது. எல்லாம் விசாரித்து முடித்த பிறகு பெரியவன் பேச்சுவாக்கில் கேட்ட கேள்விக்குத்தான் இந்தப் பதில்.

ஜெயிலில் தூக்குப் போடுகிறவனின் பேர் அது. அடம்பிடிக்கிற குழந்தைகளைத் ‘தூக்குக்காரன் வர்றான்’ என்றுதான் தெருவில் மிரட்டுவார்கள். சண்டையில் ஒருவனை அப்படித் திட்டிவிட்டால் அடுத்த நொடி கத்தி வெளியே வரும். அது ஒரு வீட்டின் பேராகவும் இருக்கும் என்று பெரியவன் நினைத்ததே இல்லை.

“ஒண்ணு, பேரை மாத்து. இல்ல, அவளை மறந்துடு.”

“ரெண்டும் ஆகாது மச்சான்.”

அந்த மச்சானுக்காக விலாவில் தனியாக ஒன்று விழுந்தது. பெரியவன் ஜாக்கி ராடை எடுத்தான். “எந்தக் கையாலடா ஸ்குரூ முடுக்குவ?”

ஷெட் கதவு தடதடத்துத் திறந்தது. தங்கை அப்பாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தாள்.

“நீங்களே பாருங்கப்பா! கொன்னே போட்டுடுவாங்க!”

“நீ வாயை மூடு. அப்பாவே கேக்கட்டும். டேய், பேரைச் சொல்லுடா!”

மெக்கானிக் ரத்தத்தைத் துப்பினான். “தூக்குக்காரர்.”

அப்பா நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். பெரியவனுக்குத் தெம்பு வந்தது. கோபம் தலைக்கேறினால் அப்பாவுக்கு இப்படித்தான் பேச்சு நின்றுபோகும்.

“பரம்பரையா வந்த பேர் இல்லைங்க” என்றான் மெக்கானிக், அப்பாவைப் பார்த்து. “பழைய ஜெயில்ல ஒரு வழக்கம். கயிறு யார் கைக்குப் போகுதோ, பேரும் அவங்களுக்குத்தான். எங்கப்பா அங்க தோட்டக்காரர். அப்ப இருந்த தூக்குக்காரருக்கு அப்புறம் கயிறைப் பிடிக்க வேண்டிய அவரு பிள்ளை, மொதத் தூக்குக்கு முந்தின நாள் சுவரேறிக் குதிச்சு ஓடிட்டான். செடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டிருந்த எங்கப்பாவைத் தரதரன்னு இழுத்துட்டுப் போய்க் கையில கயிறைத் திணிச்சாங்க.”

“ஓடினவன் மானஸ்தன்! உங்கப்பன் ஏன்டா ஓடல?”

“எங்கம்மா வயித்துல நான் இருந்தேன். எங்க ஓடுவாரு?”

“அப்பப் பேரையாவது தூக்கிப் போட்டுத் தொலையேன்!”

“அந்தப் பேரைக் கேட்டா எங்கப்பாவுக்கு ஒருத்தரும் ஒரு வாய் தண்ணி குடுக்க மாட்டாங்க. நானும் அதைத் தூக்கிப் போட்டா, அவருக்குன்னு யாரு இருக்கா?”

“அவரு இப்ப…” அப்பாவின் குரல் எங்கிருந்தோ வந்தது.

“போய்ச் சேந்துட்டாருங்க. கடைசி வரைக்கும் படுக்கும்போது விளக்கை அணைக்க விடல.”

“கதை கேட்டது போதும்ப்பா!” பெரியவன் ராடை இறக்கினான். மெக்கானிக்கின் முழங்கை சுள்ளி ஒடிவது போல ஒடிந்தது. அவன் அலறுவதற்குள் தங்கை அலறினாள்.

மறுபடி ஓங்கிய கை மேலேயே நின்றது. மணிக்கட்டை அப்பா பிடித்திருந்தார். பிடி தளரவில்லை.

“விடுங்கப்பா! இந்தக் கேடுகெட்ட பேரு நம்ம குடும்பத்துக்குள்ள வரவே கூடாது!”

அப்பா ராடைப் பிடுங்கித் தரையில் போட்டார்.

“அது நம்ம பேருடா. நான் விட்டுட்டு ஓடின பேரு.”