லேடீஸ் ஹாஸ்டல் வாசல் நாய்

இன்ஜினியரிங் காலேஜ் லேடீஸ் ஹாஸ்டல் வாசலில் ஒரு செவலை நாய் இருந்தது. லீவில் மெஸ் பூட்டிக் கிடந்ததால் அதன் வயிறு ஒட்டிப்போயிருந்தது.

"மீன் மார்க்கெட்டுக்கு வந்துடேன். அங்க லீவே கிடையாது" என்றது வேப்பமரத்துக் காக்கா.

"பசியைக்கூடப் பொறுத்துக்கலாம், காக்காண்ணே. முதல்ல வந்த பிள்ளைங்க என்னை ராக்கின்னு கூப்பிட்டாங்க. அதுதான் என் பேருன்னு மனசுல பதிஞ்சப்போ, படிப்பை முடிச்சுட்டுப் போயிட்டாங்க. அடுத்து வந்தவங்க பிஸ்கட்னாங்க. அவங்களும் பெட்டியைக் கட்டிட்டாங்க. நான் இந்த ஊர்லயே பொறந்தவன். போறவங்களை வழியனுப்பியே என் வால் தேஞ்சுபோச்சு. இனிமே யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கமாட்டேன்!"

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. தலையணையும் வாளியுமாக இறங்கிய புது மாணவி ஒருத்தி, நாயைப் பார்த்ததும் பையைப் பிரித்து ஒரு முறுக்கை நீட்டினாள்.

"வாடா, ஜிலேபி!"

நாய் ஒரே ஓட்டமாக ஓடிப்போய் அவள் காலடியில் புரண்டது.

காக்கா கிளையில் இருந்தபடியே கேட்டது: "ஏம்ப்பா, ஜிலேபிதான் உன் பேரா?"

முறுக்கை மென்றுகொண்டே நாய் சொன்னது: "நாலு வருஷத்துக்கு அதான்."